பயந்து நீந்திய எலியும் வாய் மூடிய கண்டக்டரும்

சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களை எல்லா அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறோம். அடுத்தவர் சும்மா இருப்பதை நொடி சுத்தமாக அளப்பதற்குச் சம்பளம் வாங்கியவர் வாட்ச் அக்கா ஒருவர்தான். அந்த அடுத்தவர் எலி என்பது வேறு விஷயம்.

மருந்து ஆராய்ச்சிக் கூடத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேஜைமேல் ஒரு திரை. திரையில் உயரமான கண்ணாடி உருளை, அதில் முக்கால்வாசி தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு வெள்ளை எலி. ஏறி வெளியே வரவும் வழியில்லை, அடியில் கால் ஊன்றவும் வழியில்லை. முதலில் நீந்தும், கண்ணாடியைப் பிறாண்டும். பிறகு, 'சரி, ஆவது ஆகட்டும்' என்று மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கும். மிதக்கத் தொடங்கும் நொடியில் அக்காவின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்கும். திரும்ப நீந்தினால் திரும்ப அமுக்கும். ஐந்து நிமிடத்தில் எத்தனை நொடி மிதந்தது, எத்தனை நொடி நீந்தியது என்று தாளில் எழுதுவார். படம் முடியும்போது யாரோ ஒரு கை வந்து எலியைத் தூக்கித் துண்டால் துடைக்கும். அந்த இடத்தை அக்கா ஒருநாளும் ஓட்டிவிட்டதில்லை. வேலைக்கு அது தேவையே இல்லை, இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த எலிக்குப் போவார்.

மனச்சோர்வுக்கான மருந்து போட்ட எலி குறைவாக மிதந்து நிறைய நீந்தினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்ட எலி வழக்கம்போல மிதக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சில நொடி வித்தியாசத்தில் பல பேருடைய பட்டமும் பதவி உயர்வும் வெளிநாட்டுப் பயணமும் அடங்கியிருந்தன. எலிக்கு அவற்றில் பங்கு கிடையாது.

எந்த எலிக்கு எந்த ஊசி என்று அக்காவிடம் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். "இருபத்தோரு வருஷமா சாயாத கை சார், இனிமேலா சாயப்போகுது?" என்பார் புரொபசரிடம். பீற்றல் இல்லை. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் பத்து நொடி வித்தியாசம் வரும். அக்கா ஒரே படத்தை ஒரு வருடம் கழித்து அளந்தாலும் அதே நொடி வரும். இப்படிப்பட்ட துல்லியத்தை ஒரு மனுஷி சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று புரொபசர் யோசித்திருக்க நியாயமில்லை. அக்காவே யோசிக்கவில்லை.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பது உபதொழில், பேச்சுதான் பிரதானம். பின் படிக்கட்டில் தொடங்கும் பேச்சு டிரைவர் சீட்டுக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு கதையும் ஒரு சண்டை சமாதானமும் முடிந்திருக்கும். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவருடைய பஸ்ஸுக்கு நின்றவர்கள் உண்டு. அதே பேச்சுக்காக முந்தின பஸ்ஸில் தொற்றிக்கொண்டு தப்பித்தவர்களும் உண்டு. வீட்டில் பல் துலக்கும்போதும் பேசுவார். நுரை பறக்கும். கத்தரிக்காய் வாங்கி வந்தால் அந்தக் கத்தரிக்காய்க்கு ஒரு குடும்பம், ஒரு மாமியார் கொடுமை, ஒரு வழக்கு எல்லாம் ஜோடித்து, அடுப்பில் வைப்பதற்கே அக்காவுக்கு மனசு வராதபடி செய்துவிடுவார்.

"அந்த வாய்க்கு ஒரு நிமிஷம் லீவு கொடுங்களேன்."

"கொடுத்துடுவேன். நீதான் அப்புறம் 'எங்கடா வாயைக் காணோம்'னு தேடுவே."

தேடத்தான் வேண்டியிருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில், பின்படியில் ஒரு பெரியவர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். விசாரணையில் கண்டக்டர் மேல் தவறு இல்லை என்று எழுதினார்கள். அதற்கப்புறம் மூன்று வாரம் வேலைக்குப் போய்வந்தார். ஒரு நாள் காலையில் சட்டையைப் போட்டவர் பொத்தானைப் போடவில்லை. அப்படியே கட்டிலில் படுத்தார். அன்றோடு வாயும் படுத்துவிட்டது.

அக்காவுக்கு முதல் இரண்டு நாள் காது குளிர்ந்ததாம். அதை அவரே ஒத்துக்கொள்கிறார். மூன்றாவது நாள், பக்கத்து வீட்டில் ரேடியோ வைத்ததும் அடுப்படியிலிருந்து, "என்னங்க?" என்றார். பத்தாவது நாள் சாப்பாட்டில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டார். பழைய நாளாக இருந்தால் அந்த உப்புக்கு ஒரு கடலே வந்து கதவைத் தட்டியிருக்கும். கண்டக்டர் சாப்பிட்டார், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார், படுத்துக்கொண்டார். அக்கா மிச்சத்தைத் தான் சாப்பிட உட்கார்ந்து, இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் எழுந்துவிட்டார். அது உப்பினால் மட்டும் இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வர நேர்வழி இருக்க, கண்டக்டர் ஓடிய வழித்தடத்து பஸ்ஸில் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார் கொஞ்ச நாள். அதில் புதிதாக வந்த கண்டக்டர், "டிக்கெட், டிக்கெட்," என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. ஒழுங்கான மனிதர். அக்காவுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

துக்கம் விசாரிக்க வந்த மாதிரி வந்தவர் நாத்தனார். "அண்ணனுக்குக் கண்ணு பட்டிருச்சு அண்ணி. எவ்வளவு கலகலன்னு இருப்பான்!"

"நீதானே வாய் ஓயாதவன்னு வர்றப்பல்லாம் திட்டுவே."

"அது பாசத்துல திட்டுறது. நீங்க திட்டினதுதான் பலிச்சிருக்கும்."

நாத்தனார்கள் போகிற போக்கில் எறிவது கூழாங்கல் மாதிரிதான் இருக்கும். அக்கா அதைச் செருப்புக்குள் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் மாதக்கணக்கில் நடந்தார்.

மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டருக்கு வாசல்வரை கூட்டம். மூன்று நிமிடம் நாற்பது நொடி பார்த்தார். (அளந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.) மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதி, "ஆறு வாரம் பாருங்க. எப்படி இருக்கார்னு கவனிச்சு வந்து சொல்லுங்க," என்றார்.

கவனிச்சு வந்து சொல்லுங்க! பாவம், அவர் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். தினமும் ஆறிலிருந்து ஏழு மணிவரை, அடுப்படி நிலைப்படியில் நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டும் கையில் ஸ்டாப்வாட்சுமாக உட்கார்ந்துவிடுவார். இரண்டு கட்டம். ஒன்றில் 'அசைவில்லை', இன்னொன்றில் 'அசைவு'. கட்டிலில் கிடக்கும் கண்டக்டர் புரண்டு படுத்தால் ஒரு அமுக்கு. திரும்ப அடங்கினால் ஒரு அமுக்கு. ஆறு வாரம் கழித்து, மணிக்கு சராசரி ஐம்பத்தோரு நிமிடம் அசைவில்லை என்று அந்த நோட்டை டாக்டர் முன்னால் விரித்தார்.

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நீங்க எங்கம்மா வேலை பாக்குறீங்க?"

"மருந்து ஆராய்ச்சிக் கூடம் டாக்டர். எலி."

"எல்லா வீட்லயும் உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா நான் கொஞ்சம் தூங்குவேன்," என்றவர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். மூன்று நிமிடம் பத்து நொடி.

கூட்டிய பத்தாவது நாள் கண்டக்டர் கட்டிலை விட்டு எழுந்தார். ஜன்னல்வரை நடந்தார். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். அக்கா வாட்சை அமுக்கவே மறந்துவிட்டார். மறுநாள் அசைவில்லை நாற்பத்துநான்கு. அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்து பத்தொன்பது! இருபத்தோரு வருடத்தில் எந்த மருந்தும் எந்த எலிக்கும் இப்படி வேலை செய்து அக்கா பார்த்ததில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டு, "உங்கண்ணன் எழுந்து நடக்குறார்!" என்று கத்தினார். ஆராய்ச்சிக் கூடத்தில் காவலாளியிலிருந்து புரொபசர்வரை மிட்டாய் கொடுத்தார்.

"பேச ஆரம்பிச்சுட்டாரா அக்கா?" என்று கேட்டாள் ஆராய்ச்சி மாணவி.

"கால் வந்துடுச்சும்மா. வாய் பின்னாலயே வந்துடும்."

வரவில்லை. அக்கா காத்திருந்தார். காலையில் டீ வைக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னாலிருந்து ஒரு சொல் வருமா என்று தோளெல்லாம் காதாக நிற்பார். ஒரு கேலி, ஒரு குத்தல், தன் சமையலைப் பற்றி ஏதாவது ஒரு அபாண்டம். செருப்புத் தேய்கிற சத்தம்தான் வந்தது. ஜன்னல், கதவு, ஜன்னல்.

கண்டக்டர் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். மின்விசிறிக்கு அடியிலும் சட்டை நனைந்திருந்தது. வாசல் அழைப்புமணியின் ஒயரை யாரோ பிடுங்கியிருந்தார்கள், வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். அக்கா இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக் கூடத்தில் பூகம்பம். ஆராய்ச்சி மாணவியை எல்லாரும் 'ஆறாவது வருஷம்' என்று கூப்பிடுவார்கள். நான்கு வருடத்தில் முடிக்க வேண்டியதை ஆறாவது வருடமாக இழுத்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர். அவளுடைய கடைசிச் சோதனை, நாற்பது எலி. பாதிக்குப் புது மருந்து, பாதிக்கு உப்புத் தண்ணீர். முடிவைக் கூட்டிப் பார்த்தால் உப்புத் தண்ணீர் எலிகளில் பாதி, மருந்து போட்டவற்றுக்குச் சமமாக நீந்தியிருந்தன. இது உண்மையென்றால் உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து மனச்சோர்வுக்கு விற்கலாம்.

புரொபசர் வந்து, "என்ன, கடைசியில கை சாஞ்சுடுச்சா?" என்றார்.

அக்கா நாற்பது படத்தையும் திரும்ப ஓட்டி அளந்தார். நாற்பதிலும் அதே நொடி. தாளைப் புரொபசர் மேஜைமேல் வைத்துவிட்டு, சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்படி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

'ஆறாவது வருஷம்' எலி அறையில் நாள்பூரா தரையில் உட்கார்ந்து என்னவோ யோசித்தாள். கூண்டு அடுக்குகள் இரண்டு. ஒன்று உள்சுவர் பக்கம், அமைதியான இடம். இன்னொன்று லிஃப்ட் மோட்டாருக்கு ஒட்டின சுவர். யாராவது ஒருத்தர் மாடி ஏறச் சோம்பல்பட்டால் போதும், இருபது எலியின் வயிற்றில் உறுமல் கேட்கும். மாதக்கணக்காக இப்படி. எல்லா எலிகளையும் எடுத்து ஒவ்வொன்றாக ஒரு உயரமான பலகையில் விட்டுப் பார்த்தாள். கூட்டல் குறி மாதிரி நான்கு கை உள்ள பலகை, இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டு கை திறந்த வெளி. அமைதியான பக்கத்து எலிகள் திறந்த கையிலும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தன. மோட்டார் பக்கத்து எலிகள் சுவருக்குள் ஒண்டியவை ஒண்டியவைதான். அப்புறம் அக்காவின் அறைக்கு வந்து ஒரு நீச்சல் படத்தை ஓட்டினாள்.

"இந்த எலியை இன்னொரு தடவை பாருங்கக்கா."

"நூத்தித் தொண்ணூறு நொடி நீந்தியிருக்கு. என்ன குறை அதுக்கு?"

"எவ்வளவுன்னு வேண்டாம். எப்படின்னு பாருங்க."

அக்கா வாட்சை மேஜைமேல் வைத்தார். கையில் வாட்ச் இல்லாமல் அந்தத் திரையைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. எலி ஒரே பக்கத்துக் கண்ணாடியில் போய் முட்டியது. திரும்பியது. திரும்ப அதே இடத்தில் முட்டியது. வால் குச்சிபோல விறைத்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது. முட்டின இடத்திலேயே முட்டுகிறோம் என்று அதற்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. மாணவி இன்னொரு படத்தை ஓட்டினாள். அமைதியான பக்கத்து எலி, மருந்து போட்டது. நிதானமாக ஒரு சுற்று வந்தது, மேலே பார்த்தது, கொஞ்சம் ஓய்ந்தது, இன்னொரு சுற்றுப் போனது.

"ரெண்டுக்கும் தாள்ல ஒரே நொடிக்கா. ஆனா முதல் எலி குணமானதால நீந்தல. பயத்துல நீந்துது. அதுக்கு மருந்தே போடல."

"மோட்டார் பக்கத்துல மருந்து போட்ட எலிங்க?"

"அதுங்கதான் இன்னும் மோசம். பயம் இருக்கிற எலியில மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னே தெரியல. சிலதுக்குப் பயம் கூடியே இருக்கு. நாம 'நீச்சல்'னு ஒரே கட்டம் வச்சு ரெண்டையும் அதுலயே கொட்டிட்டோம்."

அக்கா வாட்சை மேஜைமேலேயே விட்டுவிட்டார். பிறகு எழுந்து போய்ப் புரொபசரிடம் அரைநாள் லீவு கேட்டார்.

"இருபத்தோரு வருஷத்துல நீங்க அரைநாள் கேட்டதே இல்லையே. நான் கை சாஞ்சுதான்னு கேட்டது மனசுல வச்சுக்கிட்டு..."

"அது இல்ல சார். வீட்ல ஒரு படத்தை மறுபடி பாக்கணும்."

மத்தியான வெயிலில் வீட்டுக்கு வந்தார். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பி, அடுப்படி நிலைப்படியில் நின்றார். நாற்காலி இல்லை, நோட்டு இல்லை. கண்டக்டர் நடந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்குப் போனவர் நேராக நின்று பார்க்கவில்லை, சுவரோடு ஒட்டி நின்று ஒரு கண்ணால் தெருவைப் பார்த்தார். கதவுக்கு வந்தவர் அதில் காதை வைத்தார். மாடிப்படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். கழுத்து நரம்பு தோலுக்கடியில் துடித்தது. காலடி மேல் மாடிக்குப் போய் ஓய்ந்த பிறகுதான் அந்தக் கால் தரைக்கு வந்தது.

பத்தொன்பது நிமிடம் என்று மிட்டாய் கொடுத்தது இதற்குத்தான்.

"என்னங்க."

கண்டக்டர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்.

"நான்தாங்க. எதுக்கு பயப்படுறீங்க?"

ஏழு மாதமாக ஊரே கேட்டிருந்தது, என்ன கவலை, என்ன குறை, எதற்கு இந்தச் சோகம் என்று. இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கண்டக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். குரல் வந்தது, துருப்பிடித்த பூட்டைத் திறப்பதுபோல.

"விசாரணையில, படியைப் பாத்துட்டுத்தான் விசில் ஊதினியான்னு கேட்டாங்க. பாத்தேன்னு சொன்னேன். பாக்கல."

அக்கா கீழே தரையில் உட்கார்ந்தார்.

"முன்சீட்டுல ரெண்டு பேருக்கு ஒரு கதை சொல்லிட்டிருந்தேன். சிரிப்பு வர்ற இடம். அதை விடக் கூடாதுன்னு, திரும்பிக்கூடப் பாக்காம விசிலை ஊதிட்டு முடிச்சேன். அவங்க சிரிச்சாங்க. பின்னாடி அவர் கத்தினார். சிரிப்பும் கத்தலும் ஒண்ணா வந்துச்சு."

"அய்யோ."

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்து சொல்லிடுவாங்கன்னு இருக்கு. எப்ப பெல் அடிச்சாலும் அவங்கதான்னு இருக்கு. வாயைத் தொறந்தா நானே சொல்லிடுவேன். இல்லேன்னா ஒரு கதை வந்துடும். ரெண்டுக்கும் பயமா இருக்கு." பிறகு, "நீயே சொல்லுவியே, இந்த வாய் ஒரு நாள் யாரையாவது குப்புறத் தள்ளப்போகுதுன்னு," என்றார்.

அக்காவுக்கு அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை. சொல்லியிருக்கலாம். இருபது வருடத்தில் அந்த வாயைப் பார்த்துச் சொல்லாதது எதுவும் பாக்கி இல்லை. அவர் நகர்ந்துபோய்க் கண்டக்டரின் பாதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார். விரல்கள் தரையைப் பற்றுவதுபோல் மடங்கியிருந்தன. அவை நிமிர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று. எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"டாக்டர், நான் கொடுத்த கணக்கு தப்பு."

"தப்பா? அதை வச்சுத்தானேம்மா டோஸை ஏத்தினேன்!"

"ஆமா டாக்டர். இவர் குணமாகி நடக்கல. பயந்து நடக்குறார். உங்ககிட்டயும் அதுக்குக் கட்டம் இல்லை, என்கிட்டயும் இல்லை."

டாக்டருக்கு முகம் சிவந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்டக்டரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க," என்றார். வெளியே கூட்டம் முணுமுணுத்தது. அரைமணி நேரத்துக்கு மேலேயே கேட்டார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எச்சரித்து, படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். வாரம் ஒரு தடவை உட்காரவைத்துப் பயத்தைப் பற்றிப் பேச ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார்.

அடுத்த மாதம் கண்டக்டர் டிப்போவுக்குப் போய், படியைப் பார்க்காமல்தான் விசில் ஊதினேன் என்று எழுதிக் கொடுத்தார். மூடிய வழக்கைத் திறக்க அதிகாரிகளுக்கு அப்படியொரு சலிப்பு. ஒருவழியாகத் திறந்து, அவரை பஸ்ஸிலிருந்து இறக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைக் காக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். குடைகளும் ஒற்றைச் செருப்புகளும்தான் அங்கே துணை. அந்தப் பெரியவர் வீட்டுக்கும் அக்காவோடு போனார். பெரியவர் கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார். "சரி, போயிட்டு வாங்க," என்றார். மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தப் படியிறங்கும்போது கண்டக்டரின் தோள் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்ததை அக்கா பார்த்தார்.

நடை நின்றது. அழைப்புமணியின் ஒயர் அதன் இடத்துக்குத் திரும்பியது. உட்கார்ந்து சாப்பிட்டார், ராத்திரி தூங்கினார். பேசவும் பேசினார். "தண்ணி கொடு." "வந்துட்டேன்." "சரி." "மழை வரும்போல." ஒவ்வொரு சொல்லையும் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். ஊர் மெச்சியது. நாத்தனார், "அண்ணன் எவ்வளவு பக்குவமாயிட்டான் அண்ணி!" என்று பூரித்தார். அக்கா தலையாட்டினார். பக்குவமானவரோடு வாழ்ந்து பழக்கமில்லை. கத்தரிக்காய் வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டு, அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்தபடி நிற்பார். யாரும் சொல்லவில்லை. நறுக்கிவிடுவார்.

இதற்கிடையில் 'ஆறாவது வருஷம்' எலிகளைப் பயந்தவை, பயப்படாதவை என்று முதலிலேயே பிரித்துவைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தாள். அதைப் பார்வையிட நான்கு பேர் கொண்ட கமிட்டி வந்தது. அன்று நடந்ததை அக்கா வீட்டுக்கு வந்ததும் கண்டக்டரிடம் சொன்னார்.

"இன்னைக்கு எலி ஒண்ணு புரொபசரோட டையைப் பிடிச்சு ஏறிடுச்சு. கமிட்டி வந்தப்ப. அவர் பேசிக்கிட்டு இருந்தார். எல்லாரும் சிரிச்சாங்க."

கண்டக்டர் நிமிர்ந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பசித்தவன் கண்ணெதிரே சாப்பாட்டைத் தரையில் கொட்டினால் வருமே ஒரு முகம், அப்படி ஒரு முகம் வந்தது அவருக்கு. "இப்படியா சொல்றது? முடிவைத் தூக்கி முதல்லயே வச்சுட்டியே."

அந்தக் கண்டிப்பை அக்கா அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றும் நடக்காததுபோல் உள்ளே போய்விட்டார். மறுநாள் அதே கதையை இன்னும் கேவலமாகச் சொன்னார். கமிட்டியை மறந்துவிட்டு, நடுவில் சம்பந்தமில்லாமல் லிஃப்ட் ரிப்பேரைக் கொண்டுவந்து நுழைத்தார். கண்டக்டர் இரண்டு வாக்கியம் திருத்தினார். அதற்கு மறுநாள் எலியின் நிறத்தையே மாற்றினார். நாள் தவறாமல், மனசாட்சி இல்லாமல், அந்த நல்ல கதையைச் சித்திரவதை செய்தார். துல்லியத்துக்குப் பெயர்போன மனுஷி.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "அந்த டை சமாச்சாரம்..." என்று ஆரம்பித்ததும் கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நிறுத்து. முதல்ல கமிட்டியை உள்ள கொண்டுவரணும். எத்தனை பேர்?"

"நாலு."

"நாலுல ஒருத்தருக்காவது எலின்னா ஆகாம இருக்கணும்."

"இருந்துச்சே. அந்தத் தலைவருக்கே ஆகாது. கதவுகிட்டயே நின்னார்."

"அடிப்பாவி, அஞ்சு நாளா அதைச் சொல்லவே இல்லையே நீ!"

அந்த 'அடிப்பாவி'யைக் கேட்டு பத்து மாதம் ஆகியிருந்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "நாலு பேர் வர்றாங்க. மூணு பேர் முன்னாடி. தலைவர் கடைசியா, கதவுல ஒரு கை, ஓடுறதுக்குத் தயாரா. புரொபசர் உருளைகிட்ட நிக்கிறார். தண்ணியில எலி. மூக்கு மட்டும் வெளிய. புரொபசர் குரலை இறக்கி, சாவு வீட்ல பேசுற மாதிரி, 'இந்த விலங்கு நம்பிக்கை முழுவதையும் இழந்துவிட்டது'ங்கிறார். சொல்லிட்டுக் குனிஞ்சு காட்டுறார். குனிஞ்சதும், டை தொங்குது. தண்ணிக்கு மேல. எலி மூக்குக்கு நேரா..."

அங்கே நின்றுவிட்டார்.

சிரிப்பு வருகிற இடம் அது. அவர் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். பிறகு ஜன்னலை. உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் ஒரு துளி வியர்வை கிளம்பிப் புருவத்தில் தங்கியது. தெருவில் ஒரு பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அது முழுக்கத் தேய்ந்து மறையும்வரை அவர் மூச்சு விடவில்லை.

அக்கா அந்த எலி என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர். ஐந்து நாளாக ஐந்து விதமாக அதைக் குதறியவர். இருந்தும், இந்தக் கதையை ஜென்மத்தில் கேட்டறியாதவர்போல, பீன்ஸ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.